பழைய ஃபோர்டு பிக்அப் பாடியை கிரவுன் விக்டோரியா சேஸி மேல ஏத்துறது எப்படி

அறுபதுகள்ல வந்த ஃபோர்டு எஃப்-100 பிக்அப்பை பாத்து மயங்காத ஆளே கிடையாது, ஆனா ஒரு தடவை ஓட்டிப் பாத்தா மயக்கம் பாதி தெளிஞ்சிரும். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக், ஸ்டீயரிங்ல தாராளமா ஆட்டம், பெட்ரோல் டேங்க் எங்க இருக்குன்னா கேபினுக்குள்ள நம்ம முதுகுக்கு பின்னாடி. அதனால அமெரிக்காவுல ரொம்ப பேர் என்ன பண்றாங்கன்னா பாடியை மட்டும் வச்சிக்கிட்டு அடியில இருக்கிற மொத்தத்தையும் ஒரு புது கார்ல இருந்து எடுத்துக்கிறாங்க. அங்க இருக்கிற நம்மாளுங்க சிலரும் இதுல இறங்கலாமான்னு கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல எந்த கார் ஆகும் எது ஆகாதுன்னு பாத்துருவோம். இப்ப வர்ற கார் கிட்டத்தட்ட எல்லாமே மோனோகாக், அதாவது தரை, கூரை, தூண் எல்லாம் சேந்துதான் பாரத்தை தாங்குது, பாடியை அறுத்து எடுத்தா கீழ சேஸின்னு ஒண்ணு மிஞ்சாது. அதனால கேம்ரி சும்மா கிடக்கு அதை வச்சி பண்ணலாமான்னு கேட்டா முடியாது. ஃபோர்டு மட்டும் கிரவுன் விக்டோரியா, மெர்குரி கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார் இந்த மூணையும் 2011 வரைக்கும் தனி சேஸி மேல பாடியை போல்ட் போட்டு உக்கார வச்ச பழைய பாணியிலயே செஞ்சிட்டு வந்தாங்க. அமெரிக்க போலீஸ் வண்டியும் டாக்ஸியும் ரொம்ப காலத்துக்கு இதேதான், அதனால வண்டிக்கும் பஞ்சமில்ல, உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்ல. பாடியை கழட்டினா கீழ 4.6 லிட்டர் வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நாலு டிஸ்க் பிரேக் எல்லாத்தோடயும் தானா ஓடக்கூடிய ஒரு சேஸி நிக்கும். வாங்குனா 2003ல இருந்து 2011க்குள்ள வந்ததா பாத்து வாங்குங்க, 2003லதான் முன்பக்க சேஸியையே மாத்தி, ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கும் போல்ட் போட்டு கழட்டுற அலுமினிய கிராஸ்மெம்பரும் (முன்னாடி குறுக்கால போற சட்டம்) குடுத்தாங்க. அதுக்கு முந்தின 1996 - 2001 இன்ஜின்கள்ல பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள்ள காத்தை கொண்டு போற பாகம்) முன்னாடி கூலன்ட் போற இடத்துல விரிசல் விடறது பிரசித்தம், எதுக்கு வம்பு.

இந்த வேலையோட சூட்சுமமே ஒண்ணுதான், வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம், ஒத்துப்போற ஜோடியா பாத்து எடுக்கணும். கிரவுன் விக்டோரியா, சுருக்கமா கிரவுன் விக், அதோட வீல்பேஸ் 114.7 இன்ச். பிக்அப்புல பின்னாடி லோடு ஏத்துற தொட்டிதான் பெட், அது குட்டையா இருந்தா ஷார்ட் பெட், நீளமா இருந்தா லாங் பெட். 1967 - 72 எஃப்-100 ஷார்ட் பெட் 115, 1965 - 66 ஷார்ட் பெட்டும் 115, 1961 - 64 ஷார்ட் 114. எல்லாமே ஒரு இன்ச்சுக்குள்ள அடங்குது பாருங்க, இதை கண்ணு கண்டுபிடிக்காது. டவுன் கார் 117.7, அது 1973 - 79 ஷார்ட் பெட்டோட 117க்கும் 1957 - 60 லாங் பெட்டோட 118க்கும் பொருந்தும். செவ்ரலே பக்தர்கள்னா 1991 - 96 கேப்ரிஸ் கார் 115.9, அதை 1967 - 72 சி10 பிக்அப் ஷார்ட் பெட்டுக்கு பாக்கலாம், அந்த சி10 வீல்பேஸ் 115. லாங் பெட் வச்சிருக்கவங்க சேஸியை நடுவுல வெட்டி நீட்டிடலாமேன்னு நினைப்பாங்க, தயவு செஞ்சி வேணாம். வீல்பேஸை தொட்டீங்கன்னா டிரைவ் ஷாஃப்ட், பிரேக் பைப், பெட்ரோல் லைன், ஹேண்ட் பிரேக் கேபிள், வயரிங்னு எல்லாமே மாறும், அதுக்கு மேல நடு சேஸில நீங்க வைக்கிற ஒவ்வொரு வெல்டும் எழுபது மைல் வேகத்துல போகும்போது உங்க உசுரை தாங்கணும். ரெண்டு ஆக்ஸிலுக்கு நடுவுல இருக்கிற சேஸியை வெட்டவே கூடாது, முன்னாடி மூக்கையும் பின்னாடி வாலையும் மட்டும் தேவைக்கு வெட்டிக்கலாம். இதை ஒரு சட்டமாவே வச்சிக்கோங்க. இடிக்கிற இடத்துல எல்லாம் பாடிதான் விட்டுக்குடுக்கணும், சேஸி இல்ல.

நீளம் ஒத்துப்போனா போதாது, அகலமும் இருக்கு. கிரவுன் விக் அகலமான கார், 78 இன்ச்சுக்கு மேல. 1961ல இருந்து 79 வரைக்கும் உள்ள பிக்அப்புகளும் அகலமானதுதான், சக்கரம் ஃபெண்டருக்குள்ள அடங்கிரும். ஆனா எஃப்-100க்கு முந்தின 1948 - 52 எஃப்-1 பிக்அப் மேல ஆசைப்படுறவங்க கொஞ்சம் நிதானிங்க. அதோட வீல்பேஸ் 114, பேப்பர்ல பாத்தா பிரமாதமா பொருந்துது, ஆனா உருண்டை ஃபெண்டர், முன்பக்கம் குறுகல், கிரவுன் விக் டயர் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். 1953 - 56க்கு வீல்பேஸும் 110தான், அகலமும் இடிக்கும். அந்த வண்டிகளுக்கு முழு சேஸியை மாத்துறதை விட்டுட்டு, ஒரிஜினல் சேஸியை வச்சிக்கிட்டு கிரவுன் விக்கோட அலுமினிய கிராஸ்மெம்பரை மட்டும் முன்னாடி மாட்டி, உள்ள நல்லா தள்ளி உக்காருற ரிம் போடுறாங்க, என்னை கேட்டா அதுதான் புத்திசாலித்தனம். எந்த வண்டின்னாலும் பழைய ரிம், பழைய வீல் கப் ஆசையை விட்ருங்க. பழைய எஃப்-100ல அஞ்சு போல்ட் வட்டம் 5.5 இன்ச், கிரவுன் விக்ல 4.5 இன்ச், அதனால மாட்டவே மாட்டாது.

இன்னொண்ணு, 1961ல இருந்து 63 வரைக்கும் ஃபோர்டு கேபினையும் பெட்டையும் ஒரே துண்டா சேத்து ஒரு பிக்அப் விட்டாங்க. லோடு ஏத்தினா பாடி வளைஞ்சி கதவு சிக்கிக்கும்னு அப்பவே கெட்ட பேரு. அந்த மாடல்ல கேபினை தனியா பெட்டை தனியா நகத்தி அட்ஜஸ்ட் பண்ற வசதி கிடையாது, முதல் வண்டியா அதை எடுக்காதீங்க.

கட்டிங் மிஷினை கையில எடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை. பிக்அப்போட நம்பர் கதவுல ஒட்டின தகட்டுலயும் இருக்கும், பழைய சேஸி மேலயும் குத்தியிருக்கும். அந்த சேஸியை நீங்க தூக்கி எறியப் போறீங்க, அப்ப இந்த வண்டி 1967 ஃபோர்டா இல்ல 2007 கிரவுன் விக்கான்னு ரிஜிஸ்டர் பண்ற ஆபீஸ்ல கேப்பாங்க. பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடத்துல புதுசா கட்டின தனி வண்டின்னு பதியணும், கலிபோர்னியாவுல அந்த மாதிரி வண்டிக்கு புகை விதியில சலுகை தர்ற சர்டிபிகேட் வருஷத்துக்கு 500 வண்டிக்கு மட்டும்தான். அதனால உங்க மாநில ஆபீஸ்ல முதல்லயே எழுத்துல கேட்டு வாங்குங்க, ரெண்டு வண்டியோட டைட்டிலையும் (உரிமைப் பத்திரம்) வாங்கின ரசீதையும் பத்திரமா வைங்க, பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நம்பரையும் போட்டோ எடுத்துக்கோங்க. பழைய நம்பரை வெட்டி புது சேஸில ஒட்டிட்டா போச்சுன்னு பட்டறையில யாராச்சும் ஐடியா குடுப்பாங்க, நம்பரை திருத்துறதும் அழிக்கிறதும் அமெரிக்காவுல ஃபெடரல் குற்றம், ஜெயில் வரைக்கும் போகும்.

நம்ம ஊர்ல இதை பண்ணலாமான்னு கேக்குறவங்களுக்கு நேரா சொல்லிடறேன், ரோட்டுல ஓட்ட முடியாது. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்பை மாத்த முடியாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதை கறாரா சொல்லிருச்சு. ஆர்.சி.யில இருக்கிறதும் ரோட்டுல நிக்கிறதும் வேற வேறயா இருந்தா இன்சூரன்ஸும் கைவிட்டுரும்.

சரி, வேலைக்கு வருவோம். கிரவுன் விக் வாங்கும்போது பாடி எவ்வளவு நசுங்கியிருந்தாலும் கவலை இல்ல, எப்படியும் பழைய இரும்புக்குத்தான் போகப்போகுது, ஆனா சேஸி நேரா இருக்கணும், துரு தின்னிருக்க கூடாது, வண்டி ஓடணும். பின் ஆக்ஸிலுக்கு மேல சேஸி வளைஞ்சி ஏறுற இடத்தை சுத்தியலால தட்டிப் பாருங்க, உப்பு போடுற பனி ஊரு வண்டியா இருந்தா அங்கதான் முதல்ல அரிக்கும். வாங்கின உடனே பிரிக்காதீங்க, கொஞ்ச நாள் ஓட்டுங்க. கியர் விழுறது, டெம்பரேச்சர், பிரேக், ஸ்கேனர்ல என்ன எரர் கோடு வருதுன்னு எல்லாத்தையும் எழுதி வைங்க. முழு காரா இருக்கும்போது சரி பண்றது சுலபம், பிக்அப்புக்குள்ள போனதுக்கு அப்புறம் கோளாறு வந்தா அது பழைய கோளாறா நம்ம வயரிங்ல பண்ண கோளாறான்னு பிரிச்சி சொல்லவே முடியாது.

பிக்அப்பையும் பிரிக்கறதுக்கு முன்னாடி அளக்கணும், இதுல அவசரமே கூடாது. சமமான சிமெண்ட் தரையில நிறுத்துங்க, ரசமட்டம் வச்சி பாருங்க. முன் சக்கர நடுவுல இருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு தரையில ஒரு புள்ளி, பின் சக்கரத்துல இருந்து ஒரு புள்ளி, ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகட்டு சுவர்) இருந்து, கதவோட முன் ஓரத்துல இருந்து, கேபின் பின் சுவத்துல இருந்து, பெட் முன் ஓரத்துல இருந்து, இப்படி எல்லாத்தையும் தரையில இறக்கி சாக்பீஸ்ல வரைஞ்சி பக்கத்துலயே அளவை எழுதுங்க. ரெண்டு பக்கமும் தனித்தனியா எடுக்கணும், அறுபது வருஷ வண்டி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அப்புறம் உயரம், கதவுக்கு கீழ் ஓரம் தரையில இருந்து எவ்வளவு, ஃபெண்டர் வளைவோட உச்சி எவ்வளவு. இதே மாதிரி கிரவுன் விக் சேஸியையும் அதே தரையில இன்னொரு கலர் சாக்பீஸ்ல போட்டு பாத்தா எது எங்க இடிக்கும்னு வெல்டிங் ராடு வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்.

கார் பாடியை எடுக்குற விதம். பேட்டரியை கழட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டு ஏர்பேக் கனெக்டரை பிரிங்க, ஏர்பேக் விளையாட்டு சாமான் இல்ல. ஏசி கேஸை மிஷின் வச்சிருக்கவங்ககிட்ட குடுத்து இழுத்துருங்க, காத்துல விடறது சட்டப்படி தப்பு. பெட்ரோலை வடிச்சிருங்க. டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற வயரிங்கை வெட்டாம முழுசா உருவி எடுக்கணும், இதுதான் பொறுமையை சோதிக்கிற கட்டம், ஒவ்வொரு கனெக்டருக்கும் டேப் ஒட்டி பேர் எழுதுங்க, அப்பப்ப போட்டோ எடுங்க. இன்ஜின் கம்ப்யூட்டர், மீட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஆக்ஸிலேட்டர் பெடல், பிரேக் பெடல், பூஸ்டர், ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் வீலை தாங்குற தண்டு), சாவியும் அதோட லாக்கும், எதையும் தூக்கி போடாதீங்க, சாவிக்குள்ள சிப் இருந்தா அது அந்த கம்ப்யூட்டர் செட்டோட மட்டும்தான் பேசும். டிக்கிக்குள்ள ஃபியூயல் கட் ஆஃப் சுவிட்ச் ஒண்ணு சின்னதா இருக்கும், விபத்துல அடி விழுந்தா பெட்ரோல் பம்பை நிறுத்துறதுக்கு. நிறைய பேர் இதை பாடியோட சேத்து பழைய இரும்புக்கு அனுப்பிட்டு, அப்புறம் செல்ஃப் அடிக்குது ஆனா ஸ்டார்ட் ஆகலைன்னு மண்டையை பிச்சிப்பாங்க. அதை கழட்டி கேபினுக்குள்ள கெட்டியா ஒரு இடத்துல நிமித்தி மாட்டுங்க. இதெல்லாம் முடிஞ்சா பாடி போல்ட்டை கழட்டி தூக்கிடலாம், லிஃப்ட் இல்லாதவங்க கூரையை வெட்டி துண்டு துண்டாவும் எடுக்கலாம்.

அடுத்தது நான் ரொம்ப வலியுறுத்துற விஷயம். வெறும் சேஸி நிக்குது இல்லையா, அதுலயே ஒரு பலகையில மீட்டரையும் கம்ப்யூட்டரையும் கட்டி, தற்காலிகமா ஒரு பெட்ரோல் டேங்க் வச்சி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. எந்த வயர் உண்மையிலயே வேணும், எது கதவு கண்ணாடிக்கும் சீட் மோட்டாருக்கும் போன வயர்னு இப்பதான் தைரியமா பிரிக்க முடியும், எல்லாம் கண்ணு முன்னாடி கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. இது சீரா ஓடாத வரைக்கும் கேபினை மேல வைக்காதீங்க.

இப்ப கேபின். தூக்கறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்குள்ள குறுக்கால சதுர பைப் வச்சி டேக் வெல்டு (அங்கங்க சின்ன புள்ளியா வைக்கிற தற்காலிக வெல்டு) அடிங்க, கதவு மூடுற அளவுக்கு உள்ள தள்ளி. தரை துருப்பிடிச்ச கேபினை சும்மா தூக்கினா வாசல் கோணிக்கும், அப்புறம் எந்த டிங்கர் வந்தாலும் கதவு இடைவெளி சரியா வராது. செயின் பிளாக்ல தூக்கி சேஸி மேல மரக்கட்டை அடுக்கி மெதுவா இறக்குங்க. முன் ஃபெண்டரையும் சேத்து மாட்டி பாக்கணும், ஏன்னா ரோட்டுல நிக்கிறவன் முதல்ல பாக்குறது ஃபெண்டர் வளைவுக்கு நடுவுல சக்கரம் இருக்கான்னுதான், அது அரை இன்ச் தள்ளியிருந்தாகூட வண்டி என்னமோ மாதிரி தெரியும். அதனால முன் சக்கரத்தை வளைவுக்கு நடுவுல கொண்டு வந்துட்டு கேபின் எங்க நிக்குதோ அதுதான் கேபினோட இடம். பெரும்பாலும் இந்த இடத்துல இன்ஜின் பின்பக்கமோ கியர்பாக்ஸ் கழுத்தோ ஃபயர்வால்ல இடிக்கும். இன்ஜினை முன்னாடி நகத்தலாம்னு யோசிக்காதீங்க, ஃபயர்வாலை வெட்டி உள்பக்கமா குழி பண்ணி தகடு வச்சி வெல்டு பண்ணுங்க, தரை நடுவுல இருக்கிற மேட்டையும் பெருசாக்குங்க. இன்ஜினை சுத்தி விரல் ரெண்டு நுழையுற அளவு இடைவெளி வேணும், ஓடும்போது ரப்பர் மவுண்ட் மேல அது ஆடும்.

கேபினை தாங்குற மவுண்ட்தான் உண்மையான ஃபேப்ரிகேஷன் வேலை. பிக்அப் சேஸி ஏணி மாதிரி நேரா ஓடும், கிரவுன் விக் சேஸி சக்கரத்துக்கு நடுவுல வெளிப்பக்கமா விரிஞ்சி கதவு ஓரத்தை ஒட்டிப் போகும். அதனால கேபினோட பழைய மவுண்ட் ஓட்டைகள் சேஸி ரயிலுக்கு (நீளவாக்குல போற சட்டம்) உள்பக்கம் அந்தரத்துல தொங்கும். ரெண்டு ரயிலுக்கும் குறுக்கால சதுர பைப் போட்டு, அதுல இருந்து மவுண்ட் வர்ற இடத்துல தட்டு வச்சி எழுப்பணும். முதல்ல எல்லாத்தையும் டேக் மட்டும் வைங்க, கேபின், ஃபெண்டர், பானெட், பெட் எல்லாத்தையும் மாட்டி கதவை திறந்து மூடி, கொஞ்சம் தள்ளி நின்னு பாத்து, தரையில இருக்கிற சாக்பீஸ் கோட்டோட ஒத்துப்பாத்து, எல்லாம் சரின்னா மட்டும் முழு வெல்டு. வெல்டு வைக்கும்போது பேட்டரியும் கம்ப்யூட்டரும் கழண்டிருக்கணும். கேபினுக்கும் மவுண்டுக்கும் நடுவுல ரப்பர் புஷ் கட்டாயம், இரும்போட இரும்பா இறுக்கினா பழைய தகடு கொஞ்ச நாள்ல போல்ட்டை சுத்தி கிழியும். கேபின் பக்கமும் துருவை வெட்டிட்டு புது தகடு வச்சிட்டுத்தான் போல்ட் போடணும், ஓட்டை தகட்டுல வாஷர் வச்சி இறுக்குறது கண்துடைப்பு.

பின்னாடி ரெண்டு தலைவலி இருக்கு. ஒண்ணு, கார் சேஸி பின் ஆக்ஸிலுக்கு மேல நல்லா மேல ஏறி வளையும், பெட்டோட தரை அதுல முட்டும். பெட் தரையை சில இன்ச் மேல தூக்கி வச்சிக்கறதுதான் வழி, மரப்பலகை தரையா போட்டா வெளிய தெரியாது, அழகாவும் இருக்கும். ரெண்டாவது பெட்ரோல் டேங்க். கிரவுன் விக் டேங்க் பின் ஆக்ஸிலுக்கும் டிக்கிக்கும் நடுவுல நிமிந்து நிக்கிற டைப், பெட்டுக்கு அடியில அடங்காது. தட்டையான டேங்க் வேணும், பழைய மஸ்டாங் டேங்க் மாதிரி, ஆக்ஸிலுக்கு பின்னாடி ரயில்களுக்கு நடுவுல தொங்கவிட்டு பம்பை உள்ளயே போடுங்க. கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ் இதுக்கு ஆகாது, இன்ஜெக்ஷன் இன்ஜின்ல பிரஷர் பல மடங்கு, அதுக்குன்னு விக்கிற ஹோஸும் கிளாம்பும் போடுங்க. கேபினுக்குள்ள இருந்த பழைய டேங்க் போயிருச்சுன்னா சீட்டுக்கு பின்னாடி நல்ல இடம் கிடைக்கும், அது தனி சந்தோஷம்.

காரோட ஸ்டீயரிங் காலத்தையே வச்சா சாவி, இன்டிகேட்டர், கியர் லிவர் எல்லாம் வேலை செய்யும், ஆனா டேஷ்போர்டுல பாக்க கொஞ்சம் உறுத்தும். பிக்அப்போட பழைய ஸ்டீயரிங் காலம்தான் வேணும்னா டபுள் டி ஷாஃப்டும் (ரெண்டு பக்கம் தட்டையான தண்டு) யூ ஜாயிண்டும் வச்சி ரேக் வரைக்கும் கொண்டு போகணும், ஜாயிண்ட் ரொம்ப மடங்குனா ஸ்டீயரிங் ஒரு இடத்துல இறுகி ஒரு இடத்துல லேசாகும், மூணு ஜாயிண்ட் ஆயிருச்சுன்னா நடுவுல ஒரு பேரிங் வச்சி தாங்கணும். எக்ஸாஸ்ட் பக்கத்துல போகாம பாத்துக்கோங்க. பிரேக் பூஸ்டர், பெடல் செட் ரெண்டையும் ஜோடியா காருல இருந்தே எடுங்க, பழைய பெடலோட இந்த பூஸ்டரை சேத்தா நெம்புகோல் கணக்கு மாறி பிரேக் லேசா தொட்டாலே கவ்வும். ஃபயர்வால் தகடு மெலிசு, பூஸ்டர் வர்ற இடத்துல பின்னாடி தட்டு வச்சி பலப்படுத்தலைன்னா பிரேக் அழுத்தும்போது சுவரே முன்னாடி உப்பும்.

ஏர்பேக் போயிருச்சுங்கிறதை மறக்காதீங்க. அதனால சீட் பெல்ட்ல சிக்கனம் கூடாது, தோள் வழியா வர்ற மூணு புள்ளி பெல்ட் வேணும், தூணுக்குள்ள தடிச்ச தட்டை வெல்டு பண்ணி அதுல நட்டு வச்சி மாட்டணும், வெறும் தகட்டுல போல்ட் போட்டா அது பேருக்குத்தான் பெல்ட்.

முடிஞ்ச வண்டி காரை விட எடை குறைவாத்தான் வரும், முக்கியமா பின்பக்கம். அதனால வால் தூக்கிக்கிட்டு நிக்கும், சின்ன ஸ்பிரிங் மாத்தினா சரியாகும், ஆனா வண்டி முழு எடைக்கு வந்ததுக்கு அப்புறம் மாத்துங்க. வீல் அலைன்மென்ட்டும் அப்படித்தான், பானெட், பம்பர், கண்ணாடி, சீட் எல்லாம் ஏறின பிறகு. டயரோட வெளி விட்டம் காருல இருந்த அளவுக்கு கிட்ட இருந்தா ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. முதல் நூறு மைல் பக்கத்து தெருவுலயே ஓட்டிட்டு வந்து மவுண்ட் போல்ட் ஒவ்வொண்ணையும் திரும்ப இறுக்குங்க, புது ரப்பர் அமுங்கி போல்ட் தளரும். அப்புறம் பெட்டுல எவ்வளவு ஏத்தலாம்னா, காரோட கதவு தூண்ல ஆக்ஸிலுக்கு எவ்வளவு பாரம்னு ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாடியை வெட்டறதுக்கு முன்னாடி அதை போட்டோ எடுத்து வச்சிருந்தா கணக்கு அதுலயே இருக்கு, வண்டியை எடை மேடையில ஏத்தி பின் ஆக்ஸில் எடையை கழிச்சா மிச்சம் தெரியும். வீட்டு சாமான், பைக் எல்லாம் தாராளமா போகும். செங்கல், ஜல்லி ஏத்துற வேலைக்கு ஒரிஜினல் சேஸியோட இருக்கிற பிக்அப்பா பாத்து வாங்கிக்கோங்க.